கழுதையை யாரும் விற்கவில்லை

பிப்ரவரி 4

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மா நலம். நான் அம்மாவின் பார்வையில் இருப்பதால் நலமாக இருந்தே தீரவேண்டியிருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, உன் விடுதி அறை ஜன்னல் இப்போதாவது மூடுகிறதா என்று இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொன்னாள். பதிலை முதல் வரியிலேயே எழுதிவிடு. இல்லாவிட்டால் மீதிக் கடிதத்தை என்னைப் படிக்க விடமாட்டாள்.

பார்சல் வந்தது. மூன்று புத்தகங்கள். தபால்காரர் மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே, "லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கிறது லிஃப்ட் இல்லாத கட்டடம்! நல்லா இருக்கு சார் உங்க நியாயம்" என்றார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லோரும் சொல்லும் ஜோக்தான். பாவம், ஏறி வந்த மனிதர் என்று இப்போதுதான் முதல்முறை கேட்பதுபோலச் சிரித்துவைத்தேன்.

நீ எழுதியது எனக்கு விளங்கிய வரையில் திருப்பிச் சொல்கிறேன். உனக்கு முன்னால் இருந்த லத்தீன் ஆசிரியர் ஒரே புத்தகத்தை வைத்துக் காலம் தள்ளியதில் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இப்போது மிச்சம் இருப்பது இருபத்திரண்டு பேர். செப்டம்பரில் தலைமை ஆசிரியை கணக்கெடுக்கும்போது பதினைந்துக்குக் கீழே இறங்கியிருந்தால் லத்தீன் வகுப்புக்கு மூடுவிழா, உனக்கு வேலை இல்லை. பள்ளிக்கூடம் ஒரே ஒரு புத்தகத்தைத்தான் வகுப்புக்கு வாங்கித் தரும். ஒருமுறை வாங்கினால் நான்கு வருஷத்துக்கு மாற்ற முடியாது. எது வேண்டும் என்று மார்ச் முதல் வாரத்துக்குள் நீ சொல்லியாக வேண்டும். அதனால் மூன்றையும் லத்தீன் தெரியாத ஒரு மண்டையில் இறக்கிப் பார்க்க நினைத்தாய். உனக்குத் தெரிந்ததிலேயே நல்ல காலியான மண்டை என்னுடையது.

இந்த மரியாதைக்கு நன்றி, கண்ணு. கேலி இல்லை. இந்த வயதுவரை என்னிடம் யாரும் ஒரு புத்தகத்தைப் பற்றிக் கருத்துக் கேட்டதில்லை. எந்த மாடியில் நின்றுவிட்டது என்றுதான் கேட்பார்கள்.

"பொண்ணு ஏதோ பேச்சுக்குக் கேட்டிருக்கா. நீங்க கண்ணாடியத் துடைச்சுக்கிட்டு உக்காந்துட்டீங்க" என்கிறாள் அம்மா. உட்காருவதில் எனக்கு இப்போதெல்லாம் நல்ல பழக்கம். தினமும் வேலை முடிந்து வந்ததும் படித்துவிடுகிறேன்.

உன் புதிய மாணவன்,
அப்பா

பிப்ரவரி 12

அன்புள்ள அப்பாவுக்கு,

சாப்பிடுகிறேன். ஜன்னல் மூடவில்லை, அட்டையை மடித்துச் செருகியிருக்கிறேன். அம்மாவுக்கான பகுதி முடிந்தது. இனி உங்களுக்கு.

காலி மண்டை என்று நான் எழுதவே இல்லை. லத்தீனைக் கண்ணாலும் பார்க்காத ஒருவர் என்றுதான் எழுதினேன். என் சிக்கல் இதுதான் அப்பா. எனக்கு அது பழகிவிட்டது. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் சுலபமாக இருக்கிறது. புதிதாக வருகிற பிள்ளை எங்கே தடுக்கி விழும் என்று எனக்குத் தெரியவே இல்லை. அதனால் நீங்கள் விழ வேண்டும். விழுந்த இடத்தை எழுத வேண்டும். எந்தப் பக்கத்தில் கொட்டாவி வந்தது, எங்கே புத்தகத்தைத் தூக்கிப் போடத் தோன்றியது, எல்லாம். என் மனசு நோகுமே என்று புரியாததைப் புரிந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

என் வகுப்பில் முதல் வரிசையில் கண்ணாடி போட்ட ஒருத்தி இருக்கிறாள். எதைச் சொன்னாலும் "நிரூபிங்க டீச்சர்" என்பாள். அவளுக்குப் பெயரே நிரூபி என்றாகிவிட்டது. கடைசி வரிசையில் ஒருவன். அவன் பெயர் கொட்டாவி. காரணம் சொல்ல வேண்டாம். இந்த இரண்டு பேருக்கும் ஒத்துவருகிற புத்தகம் எனக்கு வேண்டும்.

உங்கள் வேலை எப்படிப் போகிறது? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகள்

பிப்ரவரி 24

அன்பு மகளுக்கு,

இங்கு எல்லோரும் நலம், எல்லோரும் என்றால் இரண்டு பேர்தானே. ஜன்னலுக்கு அட்டை போதாது, துணியைச் சுருட்டி வை என்பது அம்மாவின் தீர்ப்பு. வேலை அதுபாட்டுக்குப் போகிறது.

சிவப்புப் புத்தகத்தைத் திறந்ததும் எங்கள் கம்பெனியின் சர்வீஸ் கையேடு ஞாபகம் வந்தது. பக்கம் முழுக்கக் கட்டம். ஒரே சொல்லுக்கு வால் மாற்றி வால் மாற்றி ஒட்டிக் காட்டுகிறார்கள். ஆறாம் பக்கத்தில் கொட்டாவி. ஒன்பதாம் பக்கத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அம்மா வந்து என் முகத்தின் மேலிருந்து புத்தகத்தை எடுத்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அதில் ஒரு வேடிக்கை. சொற்கள் இடம் மாறி நின்றாலும் பொருள் மாறாது, பயப்படாதீர்கள், பழகிவிடும் என்று பன்னிரண்டு பக்கத்துக்குச் சமாதானம் சொல்கிறார் ஆசிரியர். நாம் எங்கே பயந்தோம்? பூனையை நாய் துரத்தியது என்றாலும், நாய் துரத்தியது பூனையை என்றாலும், நம் ஊரில் ஓடுவது பூனைதானே! யாரோ வேறு மொழிக்காரப் பிள்ளைகளுக்குக் கொடுத்த தைரியம் அது. உன் பிள்ளைகளை அந்தப் பன்னிரண்டு பக்கத்தைத் தாண்டிக் குதிக்கச் சொல். நீ ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதிய குறிப்புகள் மட்டும் இல்லாவிட்டால் நான் அந்தப் பக்கங்களில் அநாவசியமாகத் தைரியம் அடைந்திருப்பேன்.

பச்சைப் புத்தகம் அதைவிட மோசம். மாலுமி விவசாயியின் மகளுக்கு ரோஜா கொடுக்கிறான். மகள் விவசாயிக்கு ரோஜா கொடுக்கிறாள். விவசாயி மாலுமிகளுக்கு ரோஜா கொடுக்கிறான். அந்த ஊரில் கப்பலும் ஓடவில்லை, உழவும் நடக்கவில்லை. எதற்கு இந்த ரோஜா என்று ஒரு ஆளாவது கேட்க வேண்டாமா? எதிர்த்த அச்சகத்தில் மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது பதினெட்டாம் பக்கத்தில் இருந்தேன். கீழே பள்ளி வேன் வந்து பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போகும்போதும் ரோஜா கை மாறிக்கொண்டேதான் இருந்தது. சத்தமாகப் படித்தது தப்பாகப் போயிற்று. "அங்க மாலுமிக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு. இங்க ஒருத்தருக்கு இத்தனை வருஷத்துல ஒரு இலை குடுக்கத் தோணல" என்றாள் அம்மா. குடும்ப அமைதியை முன்னிட்டுப் பச்சையை நிராகரிக்கிறேன்.

நீலத்தை நாளைக்குத் தொடுகிறேன்.

அப்பா

மார்ச் 2

அன்பு மகளுக்கு,

உன் பதில் வருவதற்குள் இன்னொரு கடிதம். நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில்.

நீலம்! கண்ணை மூடிக்கொண்டு நீலத்தை வாங்கு! அதில் விளக்கம் என்று ஒரு வரி கிடையாது, கட்டம் கிடையாது. முதல் பக்கத்திலிருந்தே லத்தீனில் கதை. ஒரு வியாபாரி, அவனுடைய கழுதை, வழியில் ஒரு சத்திரம். பக்கத்துக்கு இரண்டு படம், அதுவும் என்ன படம்! நான் ஐந்து பாடம் முடித்துவிட்டேன். அகராதியைத் தொடவே இல்லை. ஒரு கொட்டாவி கிடையாது. ஒரு புது லிஃப்ட் வந்தால் நான் முதலில் ஏறி மேலும் கீழும் போய்ப் பார்ப்பேன், அதன் சத்தத்தைக் கேட்பேன். அதன் கன்ட்ரோல் பெட்டியைத் திறப்பது அதற்கப்புறம். இந்தப் புத்தகமும் அப்படித்தான் போ, ஏறிக்கொள் என்கிறது.

"நான் லத்தீன் படிக்கிறேன்!" என்று சமையலறை வரைக்கும் கேட்கும்படி கத்தினேன்.

"கேட்டுது, கேட்டுது. அசையாம இருங்க, நான் வரேன்" என்று பதில் வந்தது.

யோசிக்காதே. உன் இருபத்திரண்டு பேரும் இதில் ஏறினால் இறங்கமாட்டார்கள். அப்பா உத்தரவாதம்.

நலம்தானே? நாங்கள் நலம்.

அப்பா

மார்ச் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். துணி சுருட்டி வைத்தேன், காற்று நின்றுவிட்டது. அம்மா சொன்னது சரி.

நீலத்துக்குச் சொல்லிவிட்டேன். எனக்கும் உள்ளுக்குள் அதன்மேல்தான் ஆசை. ஆசைக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது, உங்கள் கடிதம் வந்தது. தலைமை ஆசிரியை கையெழுத்துப் போட்டுவிட்டு, "செப்டம்பர்ல பார்ப்போம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் அதிகம் பேசமாட்டார்.

இத்தனை நாள் உழைத்திருக்கிறீர்கள். எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. உங்களுக்கு மிகவும் பிடித்த கதையை உங்கள் பாஷையில் எழுதி அனுப்புங்கள். எனக்குப் படிக்க ஆசையாக இருக்கிறது.

உங்கள் மகள்

மார்ச் 19

அன்பு மகளுக்கு,

அம்மாவும் நானும் சுகம். நீ சுகமாக இருப்பது உன் கையெழுத்திலேயே தெரிகிறது. போன கடிதத்தில் எழுத்தெல்லாம் நிமிர்ந்து நின்றது.

பிடித்த கதை ஐந்தாம் பாடம். வியாபாரி ரொம்ப தூரம் நடந்து ஒரு சத்திரத்துக்கு வருகிறான். கையில் காசில்லை. சத்திரக்காரன் விடுவானா? கறாராகக் கையை நீட்டுகிறான். வேறு வழியில்லாமல் தன் கழுதையை அவனுக்கே விற்றுவிடுகிறான். விடிந்ததும் புறப்பட வேண்டும், கால் நகரமாட்டேன் என்கிறது. கழுதையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறான், பார்! கழுதையும் தலையைக் குனிந்துகொள்கிறது. சத்திரக்காரன் அப்போதும் நீட்டிய கையை மடக்கவில்லை. இப்படியும் ஒரு கல்நெஞ்சக்காரன்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன ஆச்சு, வலிக்குதா?" என்று ஓடிவந்தாள் அம்மா. கழுதையை விற்றுவிட்டான் என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

செத்துப்போன மொழி என்கிறார்கள். எனக்கு நேற்றைக்கு நடந்த மாதிரி இருக்கிறது. இதை எனக்குப் படிக்கக் கொடுத்ததற்கு நான்தான் உனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அப்பா

ஏப்ரல் 30

அன்பு மகளுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அம்மா தினமும் கீழே இறங்கித் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறாள். மூன்று மாடி ஏறி வருகிற காலடிச் சத்தத்தை வைத்தே கடிதம் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது.

நான் எழுதியதில் தப்பு ஏதாவது இருந்தால் சொல்லிவிடு. நான் புத்தகத்தைப் புகழ்ந்ததில் அளவு மீறிப் போயிருப்பேன். எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள் என்று உனக்கே தெரியும். பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

ஒரு வரி போதும். நலம் என்று மட்டும் எழுதினாலும் சரி.

அப்பா

மே 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்களைத் தவிக்கவிட்டதற்கு மன்னித்துவிடுங்கள். என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் எழுதவில்லை.

அப்பா, கழுதையை யாரும் விற்கவில்லை.

அது முந்தின ராத்திரி வழி தவறிப் போய்விடுகிறது. சத்திரக்காரன் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து கொடுக்கிறான். வியாபாரி அழுவது சந்தோஷத்தில். வெகுமதியாகக் காசு கொடுக்கப் போகிறான். சத்திரக்காரன் கையை நீட்டுவது வேண்டாம் என்று தடுக்க. ஒரு வரி விடாமல் எல்லாம் அங்கே எழுதியிருக்கிறது. நீங்கள் படித்தது படத்தை.

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் வகுப்பில் ஒரு பரீட்சை வைத்தேன், படம் இல்லாமல் நான்கே வரி. பக்கம் பக்கமாகச் சிரித்துச் சிரித்துப் புரட்டிய பிள்ளைகளில் ஒருவருக்கும் ஒரு வரிகூடப் புரியவில்லை. எல்லோரும் உங்களைப் போலவே படத்தில் ஏறிப் போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள். மதிப்பெண்ணைப் பார்த்து ஒன்பது பேர் ஓவிய வகுப்புக்கு மாறிப் போய்விட்டார்கள். மீதி பதின்மூன்று. புத்தகமோ நான்கு வருஷத்துக்கு மாறாது. உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. தேர்ந்தெடுத்தவள் நான். ஆனால் உங்களுக்கு எழுத உட்கார்ந்தால் இதை எழுத வேண்டும், எழுதினால் நீங்கள் சாப்பிடமாட்டீர்கள்.

போன வாரம் பாடம் எடுக்கவே மனம் வரவில்லை. மேசையில் உங்கள் கடிதம் இருந்தது. எங்க அப்பா உங்க ஐந்தாம் பாடத்தைப் படிச்சிருக்கார், கேளுங்க என்று வாசித்தேன். பாதியிலேயே கடைசி வரிசையிலிருந்து கொட்டாவி எழுந்துவிட்டான்.

"டீச்சர், விக்கல! விக்கவே இல்ல டீச்சர்!"

"எப்படிச் சொல்ற?"

"எனக்கு... எனக்கு அப்படித்தான் தோணுது."

"நிரூபி!" என்றாள் நிரூபி.

அப்புறம் நடந்ததை நான் என்னவென்று எழுத! பதின்மூன்று பேரும் புத்தகத்தின்மேல் கவிழ்ந்தார்கள். இந்தச் சொல்லுக்கு ஏன் இந்த வால், அந்த வால் இருந்தால் கொடுத்தது யார், வாங்கியது யார் என்று சண்டை. முந்தின ஆசிரியர் விட்டுப்போன சிவப்புப் புத்தகங்கள் அலமாரியில் தூசியோடு கிடந்தன. அவர்களே போய் அள்ளிக்கொண்டு வந்தார்கள். கட்டங்களைப் பார்த்து ஒருவருக்கும் தூக்கம் வரவில்லை. உங்களைத் தோற்கடிக்க வேண்டுமே!

இப்போது படங்களின்மேல் காகிதம் ஒட்டிவிட்டுத்தான் படிக்கிறோம். இரண்டு வாரத்துக்கு ஒரு பாடம். தயவுசெய்து தொடர்ந்து எழுதுங்கள். திருத்தாமல், யாரையும் கேட்காமல், உங்களுக்குத் தோன்றுவதை அப்படியே.

நன்றி அப்பா. இவ்வளவு உபயோகமான தப்பை நான் பார்த்ததே இல்லை.

உங்கள் மகள்

ஜூலை 6

மதிப்பிற்குரிய டீச்சர் அப்பா அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் பதின்மூன்று பேரும் நலம். கொட்டாவிக்கு மட்டும் சளி. தாங்களும் டீச்சர் அம்மாவும் நலமா? இந்தக் கடிதத்தை எல்லோர் சார்பிலும் எழுதுவது நிரூபி.

ஆறாம், ஏழாம், எட்டாம் பாடங்களில் தாங்கள் செய்த தவறுகள் மிகவும் நன்றாக இருந்தன. நன்றி. ஆனால் ஒன்பதாம் பாடத்தில் மீனவன் கடல் நடுவில் ரொட்டி சுட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது போலித் தவறு. தங்களுடைய உண்மையான தவறில் ஒரு காரணம் இருக்கும். படத்தைப் பார்த்தால் எங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். இதில் காரணமே இல்லை. சரியாகப் படித்துவிட்டு எங்களுக்காக வேண்டுமென்றே தப்பாக எழுதியிருக்கிறீர்கள். இதைக் கண்டுபிடித்தவன் கொட்டாவி.

அப்படியானால் வேறு எதிலாவது இப்படிச் செய்திருப்பீர்களோ என்று பழைய கடிதங்களையும் டீச்சரிடம் கேட்டு வாங்கிப் படித்தோம். வேலை முடிந்து வந்து படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அச்சகத்தில் மதிய மணி அடிக்கும்போதும், பள்ளி வேன் வரும்போதும் வீட்டில்தான் இருக்கிறீர்கள். புத்தகம் முகத்தில் விழுந்தாலும் டீச்சர் அம்மாதான் எடுக்கிறார். தபால் பெட்டிக்கும் அவர்தான் இறங்குகிறார். "அசையாம இருங்க" என்கிறார். "வலிக்குதா" என்று கேட்டிருக்கிறார்.

ஆகவே தாங்கள் வேலைக்குப் போகவில்லை என்பது நிரூபணம். காலில் அடி என்று நினைக்கிறோம். கொட்டாவி முதுகு என்கிறான். கை தூக்கி எண்ணினோம். காலுக்கு ஒன்பது, முதுகுக்கு நான்கு.

இதை டீச்சரிடம் சொன்னோம். டீச்சர் திரும்பிக் கரும்பலகையை அழித்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

தயவுசெய்து உண்மையை எழுதவும்.

தங்கள் உண்மையுள்ள,
பதின்மூன்று பேர்

ஜூலை 20

பதின்மூன்று பேருக்கும், அவர்களுடைய டீச்சருக்கும்,

வணக்கம். கொட்டாவியின் சளி இறங்கிவிட்டதா? கால்தான். ஒன்பது பேர் ஜெயித்தீர்கள்.

கண்ணு, ஜனவரிக் கடைசியில் லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது ஏணிப் படியில் எண்ணெய் இருந்தது. வழுக்கிவிட்டேன். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. நீ வேலையில் சேர்ந்து அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. சொன்னால் ஓடி வந்திருப்பாய், அங்கே உனக்கு விடுப்பு ஏது? அம்மாவின் வாயையும் நான்தான் கட்டினேன். அவளைக் கோபிக்காதே. தினமும் என்னை அதற்காகத் திட்டினாள், அது போதும்.

மாவுக்கட்டு மே மாதமே பிரித்தாகிவிட்டது. இப்போது தடியோடு கூடத்தைச் சுற்றி வருகிறேன். ஆகஸ்டில் வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கட்டுப் போட்டுப் படுத்த முதல் வாரம் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனி ஏணி ஏறுவோமா, ஏறாவிட்டால் இந்த ஆள் எதற்கு என்றெல்லாம் புத்தி போயிற்று. அப்போதுதான் தபால்காரர் வந்தார். உனக்கு நான் உதவி செய்ததாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது இருக்கட்டும்.

பிள்ளைகளே, ரொட்டி போலிதான். தப்பு வருவது நின்றுவிட்டது. தப்பு இல்லாவிட்டால் உங்களுக்கு நான் எதற்கு, டீச்சர் வகுப்பு என்னாகும் என்று பயந்து புளுகினேன். உங்களிடம் அதுவும் பலிக்கவில்லை. இனிமேல் புரிந்ததைத்தான் எழுதுவேன். சரியாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர் அப்பா

செப்டம்பர் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா என்று இனிமேல் உங்களிடம் கேட்கப் போவதில்லை. கால் எப்படி, எத்தனை படி ஏறினீர்கள், எங்கே வலிக்கிறது என்று தனித்தனியாகக் கேட்பேன். அம்மா சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அக்டோபர் விடுமுறையில் வந்து நேரில் சண்டை போடுகிறேன், அதுவரை பாக்கி.

நேற்றுக் கணக்கெடுக்கிற நாள். என் பதிவேட்டில் பதின்மூன்று பேர்தான். பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனேன்.

கடைசி வகுப்பு. உங்கள் பதினான்காம் பாடத்தை நிரூபி வாசித்துக்கொண்டிருந்தாள். தலைமை ஆசிரியை வந்து நின்றார், பின்னால் ஓவிய ஆசிரியர்.

"நீங்களே பாருங்க மேடம்" என்றார் அவர். "என் கிளாஸ்ல பாதிப் பேர் இந்த நேரத்துக்குத் தலைவலின்னு சொல்லிட்டுப் போயிடுறாங்க. எல்லாத் தலைவலியும் இங்கதான் உக்காந்திருக்கு. ஒரு லிஃப்ட் மெக்கானிக் எழுதின கதையைக் கேக்க!"

உண்மைதான். விட்டுப் போன ஒன்பது பேர், அவர்களோடு ஒட்டிக்கொண்டு வந்தவர்கள். நான் துரத்தவில்லை. துரத்த மனம் வரவில்லை. தலைமை ஆசிரியை கடைசி பெஞ்சில் கொட்டாவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் புத்தகத்தை வாங்கினார். அவன் படத்தின்மேல் ஒட்டிய காகிதம் பிய்ந்துபோயிருந்தது. உங்களுக்குத்தான் தெரியுமே, ஒரு வீட்டு வாசல், டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வருகிறார், குடும்பம் முழுக்க வாசலில் நிற்கிறது. டாக்டர் செருப்பைத் தேடுகிறார், நோயாளிக்குக் குணமாகிவிட்டது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள்.

"டீச்சர் அப்பா தப்பா எழுதிட்டார்ல?" என்றார் தலைமை ஆசிரியை. "நோயாளி போய்ச் சேர்ந்துட்டார். பாவம், டாக்டர் நிமிரவே இல்ல."

சிரிப்பில் கூரை பிய்த்துக்கொண்டது.

"மேடம் படத்தைப் பார்த்துட்டாங்க!"

"நிரூபிங்க மேடம்" என்றாள் நிரூபி, பயமே இல்லாமல்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முதல் வரிக்குக் கொட்டாவி உதவினான். இரண்டாம் வரிக்கு ஓவிய வகுப்பிலிருந்து வந்த ஒரு பெண். நான்காம் வரியில் செருப்பு வந்தது. ஏழாம் வரியில் நோயாளி எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றான். பிள்ளைகள் உங்கள் பக்கம் நின்று வாதாடியது அதுதான் முதல்முறை, அப்பா. தலைமை ஆசிரியை சிரித்து நான் பார்த்ததும் அதுதான் முதல்முறை.

வெளியே போகும்போது என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார்.

"பதிவேட்டுல எத்தனை?"

"பதின்மூணு, மேடம்."

"பெஞ்சுல இருபத்தாறு பேர் இருக்காங்க. நான் பெஞ்சை எண்ணிக்கறேன்."

ஓவிய ஆசிரியரைப் பார்த்து, "உங்களுக்கு வேற நேரம் ஒதுக்கித் தரேன், தலைவலி போயிடும்" என்றார்.

பெட்டியைத் திரும்ப அலமாரிமேல் ஏற்றிவிட்டேன்.

உங்கள் மகள்

செப்டம்பர் 22

அன்பு மகளுக்கும் அவளுடைய இருபத்தாறு பேருக்கும்,

கால்: பரவாயில்லை. படி: எல்லாம். வலி: ராத்திரியில் கொஞ்சம். அம்மா பார்த்துவிட்டு, "கொஞ்சம் இல்ல, நிறைய" என்று திருத்தச் சொல்கிறாள். திருத்திவிட்டேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்தேன். முதல்முறை சிரித்தாள். இரண்டாம் முறை, "அந்தத் தலைமை ஆசிரியை நல்ல மனுஷி" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைக் கழுவப் போய்விட்டாள்.

வேலைக்குப் போய் நான்கு வாரம் ஆகிறது. நேற்று மோட்டார் அறையில் ஓய்வு கிடைத்தபோது உட்கார்ந்து ஒரு பாடம் படித்தேன். படத்துக்குக் காகிதம் ஒட்டிவிட்டுத்தான். இரண்டு இடத்தில் எனக்கு நிச்சயம் இல்லை. முன்பெல்லாம் நிச்சயம் இல்லாத இடமே எனக்கு இருந்ததில்லை என்பதை யோசித்துப் பார்த்தேன்.

பிள்ளைகளிடம் ஒன்று சொல்ல வேண்டும், நீயே வாசித்துக் காட்டு. என் வயதில் ஒருவன் தப்பாகச் சொன்னால் மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். நல்லவர்களாக இருந்தால் கேட்காததுபோல இருந்துவிடுவார்கள். வீட்டிலும் சரி, கம்பெனியிலும் சரி, இந்த ஆள் இப்படித்தான் என்று விட்டுவிடுவார்கள். நீங்கள் விடவில்லை. பக்கத்தைத் திருப்பி, வரியைக் காட்டி, இந்த இடத்தில்தான் வழுக்கினீர்கள் என்று எழுதினீர்கள். எனக்காக அலமாரியைக் குடைந்தீர்கள். சண்டை போட்டீர்கள். ஒரு மனிதனின் தப்புக்கு இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் கொடுத்து நான் பார்த்ததில்லை. அதற்கு என்ன சொல்லி நன்றி தெரிவிப்பது என்று தமிழிலேயே எனக்குத் தெரியவில்லை.

பதினைந்தாம் பாடம் இதோடு இருக்கிறது. நிச்சயம் இல்லாத இரண்டு இடத்திலும் கோடு போட்டிருக்கிறேன். வயதானவர் ஆயிற்றே என்று பார்க்காதீர்கள். அடித்துத் திருத்துங்கள்.

இருபத்தேழாவது,
டீச்சர் அப்பா